கோத்தகிரியில் ஸ்ப்ரே கன் பிடித்துக் கெட்டுத் திருந்திய கதை

பதினொரு ஜன்னல், ஒவ்வொன்றுக்கும் இரண்டு கதவு, எல்லாவற்றுக்கும் இரும்பு கிரில், வாசலில் ஒரு கேட். கோத்தகிரியில் எங்கள் பழைய வீட்டுக்கு எனாமல் அடிக்கக் கூலி மட்டும் 18,000 ரூபாய் கேட்டார்கள். 3,400 ரூபாய்க்குக் கையில் பிடித்து அடிக்கிற எலெக்ட்ரிக் ஸ்ப்ரே கன் கிடைக்கிறதே, நாமே அடித்துவிடலாம் என்று வாங்கிவிட்டேன். முடிவில் மிஷின் 3,400, வீணாகிப் போன ஐந்து லிட்டர் எனாமல் 1,700, டர்பன்டைன் 600, இரண்டாவது நாசில் செட் 450, மாஸ்க் 1,150, உப்புத்தாள் 240, பக்கத்து வீட்டு ஜீப்பைப் பாலிஷ் போட்டுக் கொடுத்தது 1,800. கூட்டினால் 9,340. நாள் கணக்கு நவம்பரில் எட்டு, பிப்ரவரியில் பதினொன்று. கூலியைவிடக் குறைவுதானே என்று கேட்கலாம். நவம்பரில் அடித்த எட்டு நாள் வேலையும் சுரண்டி எடுக்க வேண்டியிருந்தது என்பதைச் சொன்னால் அப்படிக் கேட்க மாட்டீர்கள். யாராவது முன்கூட்டியே நாலு விஷயம் சொல்லியிருந்தால் அந்த எட்டு நாள் மிஞ்சியிருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் இந்த மிஷின் எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள், அது புரியாமல் குமிழைத் திருகுவதில் பயனில்லை. கடைகளில் இதை எச்.வி.எல்.பி. கன் என்பார்கள். காற்று நிறைய வரும், அழுத்தம் குறைவாக இருக்கும். உள்ளே கம்ப்ரஸர் கிடையாது, வேகமாகச் சுற்றுகிற ஒரு விசிறிதான். அந்தக் காற்றில் ஒரு சிறு பங்கு மெல்லிய குழாய் வழியாகப் பெயின்ட் ஊற்றுகிற கப்புக்குள் போய் அதை மேலே தள்ளும். மீதிக் காற்று முன்பக்கத்து மூடியான ஏர் கேப் வழியாக வந்து, நாசிலிலிருந்து வருகிற பெயின்டைச் சிதறடிக்கும். நடுவில் ஒரு ஊசி, டிரிகரை இழுத்தால் பின்னால் நகர்ந்து வழி விடும். டிரிகருக்குப் பக்கத்தில் இருக்கும் குமிழ், ஊசி எவ்வளவு பின்னால் போகலாம் என்பதை மட்டும் தீர்மானிக்கிறது. என் கன்னில் காற்றைக் கூட்டிக் குறைக்க வழியே இல்லை. விலை குறைந்த பல கன்களிலும் இப்படித்தான். காற்று நிலையாக நிற்கும், அதற்கு ஏற்றபடி நாம்தான் பெயின்டைக் கொண்டுவர வேண்டும். இது தெரியாமல் நான் முதல் நாள் முழுக்கக் குமிழோடு மல்லுக்கட்டினேன்.

நவம்பர் முதல் சனிக்கிழமை, காலை எட்டு மணி. வீட்டுக்குள் வெப்பம் 14 டிகிரி. டின்னைத் திறந்து, கையேட்டில் போட்டிருந்த மாதிரி பத்து சதவீதம் டர்பன்டைன் கலந்து, நேராக முதல் ஜன்னல் கதவில் அடித்தேன். பெயின்ட் தூவவில்லை, துப்பியது. கடுகு கடுகாக விழுந்தது. குமிழை முழுக்கத் திறந்தேன், கடுகு மிளகானது. காய்ந்த பிறகு மேற்பரப்பு ஆரஞ்சுத் தோல் மாதிரி குழி குழியாக நின்றது. கன் ஓட்டை என்று முடிவு கட்டித் திருப்பி அனுப்பக் கூடப் பார்த்தேன். பக்கத்து வீட்டு வேலைக்கு அரவேணுவிலிருந்து வந்திருந்த பெயின்டர் அண்ணன் ஒருவர் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "கன்னை ஏன் தம்பி திட்டறீங்க? குச்சியை விட்டுத் தூக்கிப் பாருங்க, கயிறு மாதிரி தொங்குது. பால் பதத்துக்கு வரணும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதுதான் பாதி விஷயம்.

கன்னோடு ஒரு சின்ன பிளாஸ்டிக் கோப்பை தருவார்கள், அடியில் ஓட்டை இருக்கும். பெயின்ட் ஊற்றும் புனல் என்று நினைத்து நான் அதை மூலையில் போட்டிருந்தேன். பெயின்டின் கெட்டித்தன்மையை அளக்கிற கோப்பை அது. பெயின்டுக்குள் முழுக்க முக்கி, விளிம்பு வரை நிரம்பியதும் தூக்குங்கள். தூக்கிய கணத்திலிருந்து எண்ணுங்கள். கீழே ஒழுகுகிற நூல் முதல் தடவை அறுபட்டதும் நிறுத்துங்கள். கடைசிச் சொட்டு வரை காத்திருக்கக் கூடாது. எனாமலுக்கு என் கையேடு 25 முதல் 35 விநாடி என்றது. அந்த எண் அந்தக் கோப்பைக்கு மட்டும்தான் பொருந்தும். கம்பெனிக்குக் கம்பெனி ஓட்டை அளவு மாறும், கடைகளில் விற்கிற பி4 என்ற அளவுக் கோப்பையின் கணக்கு வேறு. அன்று காலை என் டின்னிலிருந்து எடுத்த பெயின்ட் ஒழுகி முடிய 2 நிமிடம் 10 விநாடி ஆனது. பத்து சதவீதம் டர்பன்டைன் கலந்ததும் ஒன்றரை நிமிடத்துக்கு மேல். சமவெளியில் 30 டிகிரி வெயிலில் பத்து சதவீதம் போதுமானதாக இருக்கலாம். மலையில் டின்னே குளிர்ந்து கிடக்கிறது. சதவீதத்தை நம்பாதீர்கள், விநாடியை நம்புங்கள்.

குளிரில் கெட்டியான பெயின்டை டர்பன்டைன் ஊற்றியே இளக்க முயன்றால் இன்னொரு வம்பு வரும். அளவுக்கு மீறிக் கலந்தால் மறைக்கும் சக்தி போய்விடும், பழைய நிறம் அடியில் தெரியும், செங்குத்தான பரப்பில் திரை திரையாக வடியும். முதலில் சூடுபடுத்த வேண்டும், பிறகுதான் கலக்க வேண்டும். அகலமான வாளியில் கை பொறுக்கிற சூட்டில் வெந்நீர் ஊற்றி, மூடியை லேசாகத் தளர்த்திய டின்னை அரை மணி நேரம் அதில் வைத்துவிடுங்கள். வெந்நீரை வேறு இடத்தில் காய்ச்சிக் கொண்டுவர வேண்டும். அடுப்பின் மேலோ அடுப்புக்குப் பக்கத்திலோ டின்னைக் கொண்டுபோகவே கூடாது. இப்படிச் சூடாக்கிய பிறகு 500 மில்லி பெயின்டுக்கு 75 மில்லி டர்பன்டைன் கலந்தேன், 30 விநாடிக்கு வந்துவிட்டது. இதில் இன்னொரு லாபமும் உண்டு. வெதுவெதுப்பாகப் போகிற பெயின்ட் குளிர்ந்த மரத்தில் பட்டதும் மறுபடி கெட்டியாகிவிடும், அதனால் வடியாது. டர்பன்டைனால் மட்டும் இளக்கிய பெயின்டுக்கு அந்தக் குணம் இல்லை.

கலக்குவதிலும் நான் தவறினேன். டின்னின் அடியில் நிறமி கெட்டியாக உட்கார்ந்திருக்கும். தட்டையான குச்சியால் அடியைச் சுரண்டி ஐந்து நிமிடமாவது கிண்டினால்தான் மேலே வரும். நான் மேலாக ஒரு சுற்று சுற்றிவிட்டு அடித்தேன். முதல் ஆறு கதவு ஒரு பச்சை, கடைசி நாலு கதவு இன்னொரு பச்சை. எல்லா டின்னையும் ஒரே வாளியில் கொட்டிக் கலந்து, அதிலிருந்து எடுத்து அடித்தால் இந்த வேறுபாடு வராது. வடிகட்டாமல் கப்பில் ஊற்றவே கூடாது. டின் விளிம்பில் காய்ந்த ஆடைத் துணுக்கு ஒன்று போதும், நாசிலை அடைக்க. வேட்டித் துணியில் வடிகட்டினேன், துணியின் நூலிழைகள் பெயின்டில் சேர்ந்து ஜன்னலில் முடி முடியாக ஒட்டிக்கொண்டன. நைலான் துணி எடுங்கள், பழைய நைலான் சாக்ஸ் இருந்தாலும் போதும்.

அடுத்தது நாசில். என் கன்னோடு வந்தது 2.6 மில்லிமீட்டர். அது சுவர் பெயின்ட் மாதிரிக் கெட்டியானவற்றுக்கு. மரத்துக்கும் இரும்புக்கும் அடிக்கிற எனாமலுக்கு 1.8 சரியாக வரும். வார்னிஷ், மரச்சாயம் மாதிரி மெல்லியவற்றுக்கு 1.5 போதும். மேட்டுப்பாளையம் இறங்கி அலைந்து 1.8 வாங்கி வந்தேன். மலையில் இதற்குக் கூடுதலாக ஒரு காரணம் இருக்கிறது. கோத்தகிரி கிட்டத்தட்ட 6,000 அடி உயரம். இங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. விசிறி அதே வேகத்தில் சுற்றினாலும் அது தள்ளுகிற காற்று மெலிந்த காற்று, பெயின்டைச் சிதறடிக்கிற பலமும் அந்த அளவுக்குக் குறையும். அதனால் கையேட்டில் போட்டிருக்கும் விநாடியில் மேல் எல்லையை விட்டுவிட்டுக் கீழ் எல்லைப் பக்கம் வைத்துக்கொள்வதும், ஒரு அளவு சின்ன நாசில் போடுவதும் இங்கே சரியாக வருகிறது. மாலையில் வோல்டேஜ் இறங்குகிற வீடுகளில் விசிறியின் வேகமும் குறையும். பல்பு மங்கினால் கன்னைக் கீழே வைத்துவிடுங்கள்.

இனி முக்கியமான வேலை, அட்டைச் சோதனை. பெரிய அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து நிமிர்த்தி வையுங்கள். ஏர் கேப்பின் முகத்தில் இரண்டு பக்கமும் கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். கொம்புகள் இடம் வலமாக இருந்தால் பெயின்ட் மேலும் கீழுமாக நீண்ட பட்டையாக விழும், அதை வைத்துக்கொண்டு கையைப் பக்கவாட்டில் நகர்த்த வேண்டும். கொம்புகள் மேலும் கீழுமாக இருந்தால் பட்டை படுத்துக்கொள்ளும், கையை மேலிருந்து கீழே கொண்டுவர வேண்டும். இடையில் சாய்வாக வைத்தால் பல கன்களில் வட்டமாக வரும். சோதனைக்குப் பட்டையைப் படுக்கை வசத்தில் வைத்து, கையை அசைக்காமல் ஒரே இடத்தில் டிரிகரைப் பிடித்திருங்கள், பெயின்ட் வடியத் தொடங்கும் வரை. இப்போது வடிந்த கோடுகளைப் பாருங்கள். சீப்புப் பல் மாதிரி எல்லாக் கோடும் கிட்டத்தட்ட ஒரே நீளத்தில் இருந்தால் கன் சரியாக இருக்கிறது. நடுவில் மட்டும் நீளமாக இருந்தால் பெயின்ட் கெட்டி, அல்லது குமிழ் அதிகம் திறந்திருக்கிறது. இரண்டு ஓரமும் நீண்டு நடு வெறிச்சோடிக் கிடந்தால் பெயின்ட் நீர்த்துப்போயிருக்கிறது, அல்லது இருக்கிற காற்றுக்குப் பெயின்ட் போதவில்லை, குமிழைக் கொஞ்சம் திறக்க வேண்டும்.

ஒரு பக்கம் மட்டும் கனமாக, பிறை மாதிரி விழுந்தால் எங்கோ அடைத்திருக்கிறது. எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. ஏர் கேப்பை மட்டும் அரைச் சுற்று திருப்பி மறுபடி அடியுங்கள். கனமான பக்கமும் சேர்ந்து மாறினால் அடைப்பு ஏர் கேப்பில், அநேகமாகக் கொம்பின் சின்ன ஓட்டையில். மாறாமல் அதே பக்கம் நின்றால் நாசில் முனையில் அழுக்கு ஒட்டியிருக்கிறது, அல்லது முனை நசுங்கியிருக்கிறது. இந்த ஒரு சோதனை தெரியாமல் முழுக் கன்னையும் மூன்று தடவை பிரித்துப் போட்டேன். அடைப்பு எடுக்கக் குண்டூசி, கம்பி எதுவும் வேண்டாம், முனை கீறிப்போனால் பட்டை நிரந்தரமாகக் கோணலாகிவிடும். டர்பன்டைனில் ஊறப்போட்டு, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, விளக்குமாற்று ஈர்க்குச்சியின் நுனியால் குத்தினால் போதும்.

அட்டையில் பார்க்கும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். முதலில் பெயின்ட் பதம், அது சரியான பிறகு குமிழ், அதற்குப் பிறகு கை. நான் கலவையையும் குமிழையும் தூரத்தையும் ஒன்றாக மாற்றிவிட்டு, எது சரிசெய்தது, எது கெடுத்தது என்று தெரியாமல் விழித்தேன். பிப்ரவரியில் புத்தி வந்து ஒவ்வொரு அட்டையிலும் பேனாவால் எழுத ஆரம்பித்தேன். எத்தனை மில்லி டர்பன்டைன், எத்தனை விநாடி, குமிழ் எத்தனை சுற்று, எவ்வளவு தூரம், மணி என்ன. அடுத்த நாள் காலையில் அந்த அட்டையைப் பார்த்துத் தொடங்கினால் கால் மணி நேரத்தில் வேலைக்கு இறங்கிவிடலாம். குமிழைப் பொறுத்தவரை, முழுக்க மூடிவிட்டுக் கால் கால் சுற்றாகத் திறந்துகொண்டே வாருங்கள். ஒரே வீச்சில் பரப்பு ஈரமாகப் பளபளக்கிற இடத்தில் நிறுத்துங்கள். அதற்கு மேல் திறந்தால் வடியும்.

கை விஷயத்துக்கு வருவோம். தூரம் 15 முதல் 20 சென்டிமீட்டர், அதாவது ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு. அளவுகோல் தேவையில்லை, கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்து வைத்துப் பார்த்தால் போதும். கிட்டே போனால் வடியும். தள்ளிப்போனால் துளிகள் வழியிலேயே காய்ந்து, தொட்டால் உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கும். மணிக்கட்டைச் சுழற்றி விசிறுவது எல்லோருக்கும் தானாக வருகிற பழக்கம், அதுதான் பெரிய எதிரி. வளைவின் நடுவில் கனமாகவும் இரண்டு ஓரங்களில் மெலிந்தும் விழும். மணிக்கட்டைப் பூட்டிக்கொண்டு தோளிலிருந்து முழுக்கையையும் நகர்த்த வேண்டும், கன் எப்போதும் பரப்புக்கு நேர் எதிரே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வேகம் ஒரு அடிக்கு ஒரு விநாடி என்று வாயால் எண்ணிக்கொண்டே போனேன். ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சின் மேல் பாதி ஏற வேண்டும். அதற்கு வழி, முந்தைய பட்டையின் கீழ் விளிம்பை அடுத்த வீச்சின் நடுவாக வைத்துக் குறிபார்ப்பது. டிரிகரைக் கதவுக்கு நாலு விரல்கடை வெளியிலேயே இழுத்துவிட்டு உள்ளே வர வேண்டும், மறுபக்கம் வெளியே போன பிறகுதான் விட வேண்டும். கதவின் மேலேயே இழுத்தால் ஆரம்பத்தில் ஒரு கட்டி விழும். என் கன்னில் டிரிகரைப் பாதி இழுத்தால் காற்று மட்டும், முழுக்க இழுத்தால் பெயின்ட். ஓரத்தில் முழுக்க விடாமல் பாதியில் நிறுத்தினால் காற்று ஓடிக்கொண்டே இருந்து முனையைத் துடைத்துவிடும், அடுத்த வீச்சில் துப்பாது.

ஜன்னல் கதவுக்கு முதலில் நாலு விளிம்பையும் அடித்துவிட்டு, பிறகு முகத்தை அடிக்க வேண்டும். முதல் கை, அதாவது முதல் பூச்சு, பக்கவாட்டில் என்றால் இரண்டாவது கை மேலிருந்து கீழாக. ஒரே கையில் மூடிவிடலாம் என்ற ஆசைதான் வடிவதற்கு முக்கால் காரணம். முதல் கை பழைய நிறம் லேசாகத் தெரிகிற அளவுக்கு மெல்லியதாக இருக்கட்டும். ஈரமாக இருக்கும்போதே டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்துப் பாருங்கள், விட்டுப்போன இடம் மங்கலாகத் தெரியும். மேகம் மூடிய நாளில் வெறும் கண்ணுக்கு அது தெரியாது. கிரில் கம்பிக்கு நேராக அடித்தால் பாதி பெயின்ட் இடைவெளி வழியாக ஊருக்குப் போகும். வட்டமாக வைத்து, குமிழைக் குறைத்து, இடப்பக்கம் சாய்வாக ஒன்று, வலப்பக்கம் சாய்வாக ஒன்று, பின்னால் ஒரு அட்டை. உண்மையைச் சொன்னால், கம்பி கம்பியாக இருக்கிற கிரிலுக்குப் பிரஷ்தான் லாபம். கடைசி நாலு கிரிலைப் பிரஷ்ஷாலேயே அடித்தேன்.

எல்லாம் சரியாக இருந்தும் நடுவில் கன் விக்கி விக்கி அடித்தால் நாலு இடத்தைப் பாருங்கள். கப்பில் பெயின்ட் குறைந்து குழாயின் வாய் காற்றை இழுக்கலாம். கப்புக்குக் காற்று போகிற மெல்லிய குழாயிலோ அதன் ரப்பர் தகட்டிலோ பெயின்ட் ஏறிக் காய்ந்திருக்கலாம், கன்னைப் படுக்கப் போட்டால் இதுதான் நடக்கும். கப்பின் வாஷர் சரியாக உட்காராமல் காற்று கசியலாம். நாசிலைப் பிடிக்கிற வளையம் தளர்ந்திருக்கலாம். கப்புக்குள் இருக்கும் உறிஞ்சுகுழாய் வளைந்திருக்கும், அதைத் திருப்பி வைக்கலாம். கீழ்நோக்கி அடிக்கும்போது அதன் வாய் முன்பக்கம், தலைக்கு மேலே அடிக்கும்போது பின்பக்கம். இதைச் செய்யாமல் விட்டால் கப்பில் கால்வாசி மீதி இருக்கும்போதே விக்கல் வரும்.

இப்போது என்னை உட்கார வைத்து அழ வைத்த விஷயம். கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் வடகிழக்குப் பருவமழை நன்றாகவே கிடைக்கும். நவம்பரில் இங்கே பெயின்ட் டின்னைத் திறந்ததே தப்பு. கேட்டை ஒரு நாள் மதியம் மூன்றரை மணிக்கு அடித்து முடித்தேன். அன்றைக்கு அதுவரை அடித்ததிலேயே அதுதான் அழகு, முகம் பார்க்கலாம். நாலரைக்குத் தேயிலைச் சரிவிலிருந்து மூடுபனி ஏறி வந்தது. மழை இல்லையே என்று நானும் கவலைப்படாமல் டீ குடித்தேன். மறுநாள் காலையில் பார்த்தால் பளபளப்பு சுத்தமாகப் போய், சாம்பல் பூசின மாதிரி நிற்கிறது கேட். ஈரம் காயாத எனாமலின் மேல் நீர்த்திவலை படிந்தால் இப்படித்தான் வெளுத்துப்போகும். துடைத்தால் போகாது. நன்றாக இறுகும் வரை ஒரு வாரத்துக்கு மேல் விட்டு, 400 நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, இன்னொரு கை அடித்தால்தான் சரியாகும்.

இரும்பு காற்றைவிட வேகமாகக் குளிர்கிற பொருள். வானம் தெளிந்த மாலையில் மூடுபனி இல்லாவிட்டாலும் கேட்டிலும் தகரத்திலும் கண்ணுக்குத் தெரியாத ஈரம் படியும். இரும்பின் சூடு பனிப்புள்ளியைவிட, அதாவது காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்குகிற வெப்பநிலையைவிட, குறைந்தது 3 டிகிரி அதிகமாகவும், காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்துக்குக் கீழேயும் இருக்க வேண்டும் என்பது பெயின்ட் வேலையில் பொதுவான விதி. கருவி இல்லாதவர்களுக்கு ஒரு வழி. ஈரத்துணியால் ஒரு இடத்தை மெல்லியதாகத் துடைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். கால் மணி நேரத்துக்குள் அந்த ஈரம் காய்ந்தால் அடிக்கலாம், இல்லையென்றால் அன்றைக்கு உப்புத்தாள் வேலை பாருங்கள். பிப்ரவரியில் காலை பத்தரைக்குத் தொடங்கி மதியம் ஒன்றரைக்கு நிறுத்திவிடுவேன். வெயில் இறங்குவதற்கு முன்னால் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்துவிட வேண்டும், அதுதான் கணக்கு. கழற்ற முடிகிற ஜன்னல் கதவுகளைக் கழற்றி, அடித்ததும் காற்றோட்டமுள்ள அறைக்குள் சாய்த்து வைத்துவிட்டால் பாதிக் கவலை விட்டது. டின்னில் போட்டிருக்கும் காயும் நேரம் சமவெளிக்கானது. நான் இரண்டு கைக்கு நடுவே 36 மணி நேரம் விட்டேன்.

அந்த இடைவெளியைக் குறுக்கப் பார்த்ததும் ஒரு கதவோடு போயிற்று. சீக்கிரம் காயட்டும் என்று டர்பன்டைனுக்குப் பதிலாக, லாக்கர் பெயின்டுக்குப் போடுகிற என்.சி. தின்னர் கலந்து இரண்டாவது கை அடித்தேன். பத்து நிமிடத்தில் கிழவர் கன்னம் மாதிரி முழுக் கதவும் சுருங்கிவிட்டது. அடியில் அரைகுறையாகக் காய்ந்திருந்த முதல் கையை அந்தக் கடுமையான தின்னர் ஊறவைத்துத் தூக்கிவிட்டது. பட்டி வரை சுரண்ட வேண்டியதாயிற்று. அதைவிட மோசம், என்.சி. தின்னர் சாதாரண வெப்பத்திலேயே தீப்பிடிக்கிற ஆவியைக் கக்கும், இந்த எலெக்ட்ரிக் கன்னுக்குள் பொறி பறக்கிற மோட்டார் ஓடுகிறது. எவ்வளவு தீப்பற்று வெப்பநிலைக்கு மேல் உள்ள பெயின்டையும் தின்னரையும் மட்டும் போடலாம் என்று உங்கள் கன்னின் கையேட்டில் ஒரு எண் இருக்கும். அதைத் தின்னர் டின்னில் இருக்கிற எண்ணோடு ஒப்பிடாமல் எதையும் கப்பில் ஊற்றாதீர்கள். மலை வீடுகளில் குளிருக்குக் கரி அடுப்பும் கணப்பும் எரிந்துகொண்டிருக்கும். அடிக்கிற அறையில் மட்டும் இல்லை, பக்கத்து அறையிலும் நெருப்பு கூடாது.

மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு அடித்த முதல் இரண்டு நாள் ராத்திரி தலைவலி தாங்க முடியவில்லை. துணி மாஸ்க் துளியை ஓரளவு தடுக்கும், ஆவியைத் தடுக்காது. இரண்டு பக்கமும் கரித் தூள் கேட்ரிட்ஜ் வைத்த மாஸ்க் வாங்குங்கள், முன்னால் தூசி வடிகட்டியும் இருக்க வேண்டும். மாஸ்க் போட்டும் வாசம் வந்தால் கேட்ரிட்ஜ் தீர்ந்துவிட்டது, அல்லது முகத்தில் சரியாகப் பதியவில்லை. தாடி இருந்தால் பதியாது.

ஜீப் கதை சின்னது. பிப்ரவரியில் வெயில் ஏற ஏறப் பள்ளத்திலிருந்து காற்று மேலே வரும். பன்னிரண்டு மணிக்கு மேல் கேட்டை அடித்துக்கொண்டிருந்தேன், இருபது அடி தள்ளி ஒரு வெள்ளை ஜீப் நின்றிருந்தது. சாயங்காலம் அதன் மேல் கை வைத்தால் முழுக்கப் பச்சைப் பொடி, ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது. கண்ணுக்குத் தெரியாத துளி எவ்வளவு தூரம் போகும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைக்கப் போய் ஜீப்பின் பெயின்டையும் மங்கடித்தேன், அதனால்தான் பாலிஷ் செலவு. வெளியில் அடிக்கிற வேலையைப் பதினொன்றரைக்குள் முடியுங்கள், காற்று வருகிற பக்கம் பழைய படுதா ஒன்றைக் கட்டுங்கள், கண்ணுக்கு எட்டுகிற வண்டிகளையெல்லாம் தள்ளி நிறுத்தச் சொல்லுங்கள். பக்கத்தில் கேரட்டோ முட்டைகோஸோ போட்டிருந்தால் அதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

போர்ட்டிகோவுக்குப் போட்ட புதுத் தகரத்தையும் இதோடு சேர்த்து அடிக்க இருந்தேன். "புதுத் துத்தநாகத் தகரத்துல நேரா எனாமல் அடிச்சா ஒரு வருஷத்துல தோலா உரியும் தம்பி, எட்ச் பிரைமர் போடுங்க" என்று அதே பெயின்டர் அண்ணன் தடுத்தார். உலோகத்தை லேசாக அரித்துப் பிடித்துக்கொள்கிற அடிப்பூச்சு அது. எனாமலில் இருக்கும் எண்ணெய் துத்தநாகத்தோடு சேர்ந்து சோப்பு மாதிரி ஒரு படலத்தை உண்டாக்கும், அதனால் பிடிப்பு விட்டுப்போகும். துருப்பிடித்த பழைய இரும்புக்கு மட்டும்தான் கம்பி பிரஷ், உப்புத்தாள், ரெட் ஆக்சைடு பிரைமர் என்ற வழக்கமான வரிசை.

வேலை முடிந்ததும் கன்னைக் கழுவாமல் சாப்பிடப் போகாதீர்கள், அரை மணி நேரம் போதும் அது கெட்டுப்போக. மிச்ச பெயின்டை டின்னில் ஊற்றிவிட்டு, கப்பில் 100 மில்லி டர்பன்டைன் விட்டுக் குலுக்கி, பழைய அட்டைப் பெட்டிக்குள் அடியுங்கள். நிறம் இல்லாமல் வரும் வரை இரண்டு மூன்று தடவை. பிறகு வளையம், ஏர் கேப், நாசில், குழாய், ரப்பர் தகடு எல்லாவற்றையும் கழற்றிப் பிரஷ்ஷால் தேய்த்து, வாஷர்களுக்கு வாஸ்லின் லேசாகத் தடவி மாட்டுங்கள். மோட்டாருக்குப் பின்னால் இருக்கிற பஞ்சு வடிகட்டியைப் பலர் பார்ப்பதே இல்லை. நாலு நாள் பெயின்ட் தூசியில் அது அடைத்துக்கொண்டால் காற்று பாதியாகும், நீங்கள் மறுபடி குமிழைத் திருகிக்கொண்டிருப்பீர்கள். சோப்புத் தண்ணீரில் அலசி நன்றாகக் காயவைத்துப் போடுங்கள். அழுக்கு டர்பன்டைனை வாய்க்காலில் ஊற்ற வேண்டாம், கீழே இருக்கிற ஓடைக்குத்தான் போகும். கண்ணாடி ஹார்லிக்ஸ் பாட்டிலில் மூடி வைத்தால் இரண்டு நாளில் பெயின்ட் அடியில் தங்கி, மேலே தெளிந்துவிடும். தெளிந்ததை அடுத்த தடவை கழுவ வைத்துக்கொள்ளலாம். துடைத்த துணிகளை உருட்டி மூலையில் போடாதீர்கள், எனாமல் காயும்போது சூடு பிடித்துத் தானாகவே புகையக்கூடும். நான் அவற்றைத் தண்ணீர் வாளியில் போட்டுவிட்டு, அடுத்த நாள் வெயிலில் தனித்தனியாக விரித்துக் காயப்போட்டேன்.

கடைசி ஜன்னல் அட்டையில் எழுதியிருப்பது இது: 500-க்கு 75, 28 விநாடி, 1.8 நாசில், குமிழ் ஒன்றேகால் சுற்று, முக்கால் சாண், மணி 11.10, வெயில்.